லைஃப்டைம் ஆயிலாம்! யாருடைய லைஃப்டைம்?



நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் படிக்கலாம். ஆனால் வீட்டில் ஆட்டோமேட்டிக் கார் நிற்கிறது என்றால் படிக்காமல் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். இது என் முழங்கால் சம்பந்தப்பட்ட விஷயம். உங்களில் சிலருடைய பிழைப்பு சம்பந்தப்பட்டதும்கூட.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டேன். என் காரின் கியர் பாக்ஸிலிருந்து வடித்த பழைய ஆயில் ஒரு பாட்டிலில், புது ஆயில் இன்னொரு பாட்டிலில். "92,000 கிலோமீட்டர் ஆச்சு, இன்னைக்கு மாத்தியாச்சு" என்று கீழே எழுதினேன். அவ்வளவுதான். பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கும் என் தங்கை மகன் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டான். "மாமா, அது லைஃப்டைம் ஆயில். மாத்தவே வேண்டாம். தேவையில்லாம கை வெச்சா கியர் பாக்ஸே போயிரும். உங்களை யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க." அதற்குப் பதினாறு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். அதில் ஒரு விரல் என் சம்பந்தியுடையது. சம்பந்தி என்பதால் குழுவில் நான் பேசவில்லை. இங்கே பேசுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் எஞ்சினியர் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்துவிட்டு, பொள்ளாச்சி சுற்று வட்டாரத்தில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஒரு பொருள் சூடானால் என்ன ஆகும், இரண்டு பொருள் உரசினால் என்ன உதிரும் என்பதெல்லாம் ஏழாம் வகுப்புப் பாடம். மருமகனுக்கும் அதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன், கோடை விடுமுறையில், திண்ணையில் உட்கார வைத்து.

ஆட்டோமேட்டிக் காருக்கு நான் ஏன் வந்தேன் என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரியும். இடது முழங்கால் தேய்ந்து போய்விட்டது. உக்கடத்தில் மேம்பாலம் வருவதற்கு முன்னால் ஆத்துப்பாலத்திலிருந்து உக்கடம் போவதற்குள் கிளட்சை எத்தனை தடவை மிதிக்க வேண்டும் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அன்று இரவு காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. அதன்பிறகுதான் பழைய காரைக் கொடுத்துவிட்டு இதை வாங்கினேன். என்னைப் போல முழங்கால் போனவர்களும், ஐம்பது வயதுக்கு மேல் வண்டி பழகிய நம் வீட்டுப் பெண்களும் நம் சொந்தத்திலேயே பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கியர் பாக்ஸ்தான் கால்.

வாங்கி நான்கு வருடம் கழித்து சர்வீஸுக்கு விட்டபோது, கியர் பாக்ஸ் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டேன். கழுத்தில் அட்டை மாட்டிய பையன், என் கடைசி பேட்ச் மாணவன் வயசு இருக்கும்.

"அது சீல்டு யூனிட் சார். லைஃப்டைம் ஆயில். கார் இருக்கற வரைக்கும் மாத்த வேண்டியதில்லைங்க."

"கார் எத்தனை வருஷம் இருக்கும் கண்ணு?"

"அது நீங்க ஓட்டறதைப் பொறுத்துங்க சார்."

"சரி. கார் இருக்கற வரைக்கும் மாத்த வேண்டாம்னு ஒரு தாள்ல எழுதி சீல் வெச்சுக் குடு."

"அப்படியெல்லாம் எழுதித் தர முடியாதுங்க சார்."

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. வாயால் சொல்கிறார்கள், எழுதித் தர மாட்டார்கள். வகுப்பில் இப்படி ஒரு பையன் பதில் சொன்னால் அவனுக்கு விடை தெரியாது என்று அர்த்தம்.

ஆனாலும் அன்றைக்கு நான் சும்மாதான் வந்துவிட்டேன். சோம்பேறித்தனம். என்னை உலுக்கியது வேறு சம்பவம்.

என்னிடம் ஆறாவது படித்த மாணவன் ஒருவன் ஆனைமலைப் பக்கம் டாக்ஸி ஓட்டுகிறான். பேர் வேண்டாம். பைக் விபத்தில் இடது கால் எலும்பு முறிந்து, கம்பி வைத்து, கிளட்ச் மிதிக்க முடியாமல் போனவன். இனி டிரைவர் வேலையே இல்லை என்று இருந்தவன், கடன் வாங்கி ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரை எடுத்தான். வாங்கும்போது 68,000 கிலோமீட்டர். மாசாணியம்மன் கோயிலுக்கு வருபவர்களை ஏற்றிக்கொண்டு ஆழியாறு, வால்பாறை என்று ஓட்டினான். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறுவதற்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏறி இறங்கினால் எண்பது. அதில் வாரத்துக்கு மூன்று நாலு தடவை.

ஓடோமீட்டர் 1,40,000 தாண்டியபோது ஒருநாள் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மேலே போயிருக்கிறான். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ தாண்டியதும் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் பஸ். கீழே ஆழியாறு அணை. வண்டியில் இருந்த பெரியவர்களை இறக்கி, கல்லை வைத்து முட்டுக்கொடுத்து, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கோயம்புத்தூரில் கியர் பாக்ஸ் மட்டும் பார்க்கிற ஒரு பட்டறைக்கு அவனோடு நானும் போனேன். அடித்தட்டைக் கழற்றினார்கள். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கருப்பட்டிப் பாகு மாதிரி இறங்கியது. தீய்ந்து போன வாடை. தட்டின் அடியில் இரும்புத்தூளைப் பிடிக்க இரண்டு காந்தம் வைத்திருப்பார்கள். காந்தத்தில் கொஞ்சம் சாம்பல் நிறப் பசை இருந்தால் அது சகஜம். இதில் பசை முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது. கிளட்ச் தட்டுகளில் உராய்வுப் பூச்சே இல்லை, வெறும் தகடு. மிஸ்திரி சொன்ன தொகை ஒன்றே கால் லட்சத்துக்கு மேல். என் மாணவன் தலையைக் குனிந்துகொண்டு, "மூணு தடவை கேட்டேனுங் சார். மூணு தடவையும் லைஃப்டைம்னுதான் சொன்னாங்க" என்றான்.

ஆயில் மாற்றாததால் மட்டும்தான் அது போயிற்று என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். முதல் உரிமையாளர் எப்படி ஓட்டினாரோ தெரியாது. மலையில் அவ்வளவு பாரம் ஏற்றியதும் தப்புத்தான். ஆனால் அந்தத் தட்டில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "இந்த ஆயில் கார் இருக்கற வரைக்கும் தாங்கும்" என்று ஒருவன் சொல்வானேயானால் அவனை நான் மீண்டும் முதல் வகுப்பில் உட்கார வைப்பேன்.

சரி, அந்த ஆயில் உள்ளே என்ன வேலை செய்கிறது? இது தெரியாமல்தான் பாதிச் சண்டை.

பழைய மாணவர்களுக்கு நான் வகுப்பில் செய்து காட்டியது ஞாபகம் இருக்கலாம். இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வைத்து, ஒன்றுக்கு மட்டும் கரண்ட் கொடுப்பேன். அதன் காற்றில் மற்றதும் மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். இரண்டுக்கும் நடுவே கம்பியும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் இருக்கும் இடத்தில் இருக்கிற டார்க் கன்வெர்ட்டர் ஏறக்குறைய இதுதான். காற்றுக்குப் பதில் ஆயில். எஞ்சின் ஒரு பக்கத்து இறக்கையைச் சுற்றுகிறது, ஆயில் போய் மறுபக்கத்து இறக்கையைத் தள்ளுகிறது. சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் உங்கள் காரை நகர்த்துவது அந்தத் திரவம்தான்.

அதோடு விடவில்லை. கியர் மாறும்போது உள்ளே இருக்கிற கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அதே ஆயிலின் அழுத்தம். பற்களுக்கு வழவழப்புக் கொடுப்பதும் அதே. சூட்டைச் சுமந்துகொண்டு கூலருக்குப் போய்க் கொட்டிவிட்டு வருவதும் அதே. இதில் ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். பற்களுக்கு அது வழுக்க வேண்டும். கிளட்ச் தட்டுக்கு நடுவில் வழுக்கக் கூடாது, சொன்ன அளவுக்குப் பிடிக்க வேண்டும். ஒரே திரவம் இரண்டையும் செய்ய வேண்டும் என்பதால்தான் அதில் அத்தனை மருந்துப் பொருள் கலக்கிறார்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் ஹைட்ராமேட்டிக் என்ற பெயரில் ஆட்டோமேட்டிக் கியரைக் கொண்டு வந்தது. அதற்குப் பின் வந்த ஆட்டோமேட்டிக் ஆயில்களில் இந்தப் பிடிமானக் குணத்துக்காகத் திமிங்கல எண்ணெயைக் கலந்தார்கள். ஆமாம், ஸ்பெர்ம் திமிங்கலம். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதற்குத் தடை போட்ட பிறகுதான் ரசாயனத்தில் மாற்றுக் கண்டுபிடிக்க ஓடினார்கள். ஒரு கடல் பிராணியைக் கொன்று கொண்டுவர வேண்டிய அளவுக்கு அந்தக் குணம் முக்கியமாக இருந்திருக்கிறது. அது நாள்பட நாள்படத் தேயும் குணம் என்பதுதான் விஷயம்.

இப்போது பலகாரக் கடைக்கு வருவோம். காலையில் வாணலியில் ஊற்றும்போது எண்ணெய் தெளிவாக இருக்கிறது. சாயங்காலம் கருத்துக் கெட்டியாகி நுரைக்கிறது. யாரும் அதில் மண்ணைப் போடவில்லை. சூடும் காற்றும் பட்டுப் பட்டு எண்ணெய் தானாகவே வேறு பொருளாகிவிட்டது. அதை அளக்க நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல், பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று வைத்திருக்கிறது. வடைச் சட்டிக்கு இருக்கிற விதி கியர் பாக்ஸுக்கு இல்லை. ஆனால் வேதியியல் ஒன்றுதான். சூடு பத்து டிகிரி கூடினால் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கைவசம் வைத்திருக்கும் ஒரு குத்துமதிப்புக் கணக்கு. அப்படியானால் ஜெர்மனியில் பனியில் ஓடும் காரும், மே மாதம் ஏ.சி. போட்டுக்கொண்டு காந்திபுரம் சிக்னலில் நிற்கும் காரும் ஒன்றா?

இனி மருமகனுடைய வாதங்கள். அவன் குழுவில் நாலைந்து பதிவு போட்டான். ஒவ்வொன்றாக எடுக்கிறேன். அவன் முட்டாள் இல்லை. சில இடங்களில் அவன் சொல்வது சரி.

"எஞ்சின் ஆயில் வேற, இது வேற மாமா. எஞ்சின்ல பெட்ரோல் எரியுது, கரி சேருது. கியர் பாக்ஸ்ல எதுவும் எரியறதில்லை." சரி. அதனால்தான் எஞ்சின் ஆயிலைப் பத்தாயிரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம், இதை அப்படி மாற்றச் சொல்லவில்லை. ஆனால் எரியாவிட்டாலும் உரசுகிறதே? கிளட்ச் பூச்சு உதிர்ந்து எங்கே போகும்? அந்த ஆயிலுக்குள்தான். "சீல்டு" என்கிறார்களே, அதுவும் முழு உண்மை இல்லை. கியர் பாக்ஸுக்கு மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. சூடாகும்போது காற்று வெளியே போகும், ஆறும்போது உள்ளே வரும். காற்றோடு ஈரமும் வரும். சீல் வைத்தது நாம் அளவு பார்க்கிற குச்சியைத்தான்! அந்தக் காலத்து வண்டியில் குச்சியை எடுத்து நிறத்தையும் வாடையையும் பார்க்கலாம். இப்போது பல வண்டிகளில் குச்சியே கிடையாது. பார்க்க முடியாமல் செய்துவிட்டு, பார்க்க வேண்டாம் என்கிறார்கள்.

"இப்ப வர்றது சிந்தெடிக் ஆயில், ரொம்ப நாள் வரும்." இதுவும் சரிதான். முன்பு நாற்பதாயிரத்தில் மாற்றியதை இப்போது எண்பதாயிரம் வரை தள்ளலாம் என்றால் சிந்தெடிக்குக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ரொம்ப நாள் என்பது வேறு, எப்போதும் என்பது வேறு. தமிழில் இரண்டுக்கும் தனித்தனி வார்த்தை இருக்கிறது.

"கம்பெனி எஞ்சினியரை விட உங்களுக்கு அதிகம் தெரியுமா?" தெரியாது. அதனால்தான் கியர் பாக்ஸ் செய்கிற கம்பெனி என்ன சொல்கிறது என்று தேடினேன். ஜெர்மனியில் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் என்ற ஊரில் 1915-ல் தொடங்கிய இசட்.எஃப். என்ற நிறுவனம் இருக்கிறது. ஆகாயக் கப்பல் செய்த செப்பலின் கம்பெனிக்குப் பல்சக்கரம் செய்து கொடுக்கத் தொடங்கியது. அந்தப் பெயருக்கு அர்த்தமே பல்சக்கரத் தொழிற்சாலை. பி.எம்.டபிள்யூ. போன்ற பெரிய பெரிய கார்களுக்குள் இருக்கும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் அவர்களுடையது. அந்த நிறுவனம் தன் கியர் பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. கடுமையாக ஓட்டினால் இன்னும் முன்னதாக. அதே கியர் பாக்ஸைக் காருக்குள் வைத்து விற்கிறவர்கள் "லைஃப்டைம்" என்றார்கள். பெற்ற தாய் ஒன்று சொல்கிறாள், கட்டிக்கொண்டு போனவன் வேறொன்று சொல்கிறான். நான் யாரை நம்ப?

கட்டிக்கொண்டு போனவன் ஏன் அப்படிச் சொல்கிறான் என்பதற்கு என் அனுமானம் இதுதான். புதுக் கார் வாங்குகிறவர் "மெயின்டனன்ஸ் எவ்வளவு ஆகும்?" என்று முதலில் கேட்கிறார். அட்டவணையில் ஒரு வரி குறைந்தால் அந்தத் தொகை குறைகிறது. வாரண்டி முடிகிற வரைக்கும் ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் போனால் அது இரண்டாவது, மூன்றாவது கைக்காரன் தலைவலி. நம் ஊரில் ஒரு கார் அத்தோடு சாகிறதா? ஆர்.சி. 15 வருடத்துக்குத் தருகிறார்கள், அதற்கப்புறமும் எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கிறோம். அண்ணன் ஓட்டி, தம்பி ஓட்டி, மச்சானுக்குப் போய், கடைசியில் பாலக்காட்டுத் தரகர் கையில் போகிறது. 1920-ல் ஜி.டி.நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் ஓட்டின காலத்திலிருந்து இந்த மண்ணில் வண்டியைப் பராமரித்து ஓட்டித்தான் பழக்கம். அவர்கள் சொல்லும் லைஃப்டைம் வாரண்டியின் ஆயுசு. நாம் காதில் வாங்கிக்கொள்வது காரின் ஆயுசு.

இன்னொரு விஷயம். வண்டியோடு கொடுத்த கையேட்டை எத்தனை பேர் திறந்தீர்கள்? அதில் பராமரிப்பு அட்டவணை பெரும்பாலும் இரண்டு இருக்கும். சாதாரணப் பயன்பாடு ஒன்று, கடுமையான பயன்பாடு ஒன்று. ஹூண்டாய், கியா கையேடுகள் பலவற்றில் முதல் அட்டவணையில் ஆட்டோமேட்டிக் ஆயிலுக்கு நேராக, பார்க்கவும் வேண்டாம் மாற்றவும் வேண்டாம் என்ற பொருளில் போட்டிருக்கும். பக்கத்தைத் திருப்பினால் கடுமையான பயன்பாட்டுக்கு இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்று போட்டிருக்கும். கடுமையான பயன்பாடு என்றால் என்ன என்றும் அங்கேயே எழுதியிருப்பார்கள். அடிக்கடி குறைந்த தூரம் ஓட்டுவது, நெரிசலில் ஊர்ந்து போவது, வெயில் அதிகமான இடம், புழுதி, மலைப்பாதை, டாக்ஸியாக ஓட்டுவது.

இதில் நமக்குப் பொருந்தாதது எது? காலையில் மார்க்கெட், மத்தியானம் தோப்பு, சாயங்காலம் கோயில் என்று மூன்று மூன்று கிலோமீட்டராக ஓட்டுகிறோம். தோப்புக்குள் போனால் புழுதி. விருந்தாளி வந்தால் வால்பாறை, டாப்ஸ்லிப். நம் ஊரில் சாதாரணப் பயன்பாடு என்ற அட்டவணைக்கு ஆளே கிடையாது. அந்தப் பையன் எனக்கு முதல் பக்கத்தைப் படித்துக் காட்டினான். பக்கத்தைத் திருப்பவில்லை.

(இது போகட்டும், ஒரு வேண்டுகோள். வால்பாறையிலிருந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு இறங்குகிற சொந்தக்காரர் ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார். மாமா, எல்லோ இரண்டோ போட்டு எஞ்சின் பிடிமானத்தில் இறங்குங்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் மிச்சம் பிடித்த பெட்ரோல் உதவாது.)

கடைசியாக மருமகனுடைய பிரம்மாஸ்திரம். "ஆயில் மாத்தினதுக்கு அப்புறம் கியர் பாக்ஸ் போனவங்க எத்தனையோ பேர் இருக்காங்க மாமா." இருக்கிறார்கள். இதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அவர்கள் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டாயா? ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் கண்டுகொள்ளாமல் ஓட்டிவிட்டு, வண்டி உதற ஆரம்பித்த பிறகு, கியர் வழுக்க ஆரம்பித்த பிறகு, ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்ல, ஓடிப் போய் மாற்றினவர்கள். ஊரில் ஒரு பெரியவர் இரண்டு வருடம் நெஞ்சு வலியை வாயுப்பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு இருந்தார். கடைசி நாளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், அங்கே இறந்து போனார். "ஆஸ்பத்திரிக்குப் போனார், செத்துப் போனார்" என்று அவர் தம்பி இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒன்றுக்கு அப்புறம் இன்னொன்று நடந்தால் முதலாவதுதான் காரணம் என்று ஆகிவிடாது கண்ணு. இதையும் திண்ணையில் சொல்லிக் கொடுத்தேன்.

ஆனாலும் அந்தப் பயத்துக்குள் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. உள்ளே பல வருடமாகப் படிந்த கசடு இருக்கும்போது, மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவி எடுத்தால் அந்தக் கசடு பெயர்ந்து வால்வு பாடி என்கிற நுணுக்கமான பாதைகளில் போய் அடைக்கலாம். தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து போயிருந்தால் புது ஆயில் அதைக் காப்பாற்றாது. ஆகவே வழுக்க ஆரம்பித்துவிட்ட வண்டி என்றால் முதலில் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள். என் பதிவைப் படித்துவிட்டு நேராக ஆயில் கடைக்குப் போகாதீர்கள்.

இங்கே இன்னொரு கூட்டத்தையும் திட்டிவிட வேண்டும். சர்வீஸ் சென்டர்க்காரர் மாற்றவே வேண்டாம் என்கிறார். ரோட்டோர போர்டுக்காரர் "ஃபுல் ஃப்ளஷ் பண்ணிரலாம், புது வண்டி மாதிரி ஆயிரும்" என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறார். என்ன ஆயில் என்று கேட்டால் "எல்லா வண்டிக்கும் போடற ஆயில்தானுங்க" என்கிறார். அந்த வார்த்தையைக் கேட்டதும் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எல்லா வண்டிக்கும் போடும் ஆயில் என்று ஒன்று கிடையாது. டெக்ஸ்ரான் ஒரு குடும்பம், டொயோட்டாவின் டபிள்யூ.எஸ். வேறு, ஹூண்டாயின் எஸ்.பி.-4 வேறு, நிசானின் என்.எஸ்.-3 வேறு, ஹோண்டாவின் ஹெச்.சி.எஃப்.-2 வேறு. பின்னது இரண்டும் சி.வி.டி. வகைக்கானவை. சி.வி.டி.யில் பல்சக்கரப் படிகளுக்குப் பதில் இரண்டு கப்பிக்கு நடுவே ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. அதில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் பட்டை வழுக்கிக் கப்பியைக் கீறிவிடும்.

ஆயில் வகை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுவதும் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஏழு கியர் கொண்ட அவர்களுடைய டி.எஸ்.ஜி. கியர் பாக்ஸில் இருந்த சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றுவதற்காக. சூடும் ஈரமும் உள்ள தட்பவெப்பத்தில், நின்று நின்று ஓடும்போது அந்த ஆயிலால் உள்ளே மின்கோளாறு வரலாம் என்று கண்டுபிடித்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனி, தானே தேர்ந்தெடுத்த ஆயிலைத் தானே மாற்றியது. கம்பெனி ஊற்றியதைத் தொடவே கூடாது என்பவர்கள் இதை என்ன செய்வார்கள்?

ஏ.எம்.டி. வைத்திருப்பவர்கள் குழம்ப வேண்டாம். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்ததிலிருந்து நம் ஊரில் மலிவு விலை ஆட்டோமேட்டிக் என்றால் பெரும்பாலும் அதுதான். அது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ், கிளட்ச் மிதிக்க ஒரு இயந்திரக் கால், கியர் போட ஒரு இயந்திரக் கை, அவ்வளவே. கியர் பாக்ஸுக்கு வழக்கமான கியர் ஆயில், அந்தக் கைகாலை இயக்குவதற்குத் தனித் திரவம். சிவப்பு ஆயிலுக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவே முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். "ஆட்டோமேட்டிக்" என்றால் போதாது.

நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என் வண்டி டார்க் கன்வெர்ட்டர் வகை. மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடித் திருகைக் கழற்றி, தானாக வடிந்ததை மட்டும் வடித்து, அளந்து, அதே அளவு, கையேட்டில் சொன்ன ஆயிலை ஊற்றினோம். மொத்தம் ஏழு லிட்டர் கொள்ளும் என்றால் வடிவது மூன்றரைதான். மிச்சம் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் கூலரிலும் நின்றுகொள்ளும். "பாதி பழசுல பாதி புதுசா?" என்று என் வீட்டு அம்மணியே கேட்டார். பின்னக் கணக்குப் போடுவோம். முதல் தடவை பாதி புதுசு. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டாம் தடவை வடித்தால் முக்கால் புதுசு. மூன்றாம் தடவை எட்டில் ஏழு. இரண்டு தடவை போதும் என்று விட்டுவிட்டேன். அளவு பார்ப்பதில்தான் கவனம் வேண்டும். கையேட்டில் சொன்ன சூட்டுக்கு ஆயில் வந்த பிறகு, எஞ்சின் ஓடும்போதே, அளவுத் திருகைத் திறந்து வழிய விட வேண்டும். ஆறிப்போன வண்டியில் பார்த்தால் அளவு தப்பும். குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. சூடு பார்க்கிற கருவி இல்லாத பட்டறை என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

இரண்டு தடவைக்கும் சேர்த்து எனக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. ஏமாந்துவிட்டேன் என்று மருமகன் சொல்வது இந்தத் தொகையைத்தான். என் மாணவன் கட்டியது ஒன்றே கால் லட்சம், அதுவும் வட்டிக்கு வாங்கி. நடுவில் இரண்டு மாதம் வண்டி ஓடாமல் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டத் தடுமாறினான். அதற்குப் பிறகும் "நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமுங் சார்" என்றான். அதுதான் இந்தப் பதிவு.

வடித்த பழைய ஆயிலைத் தோப்பில் கரையானுக்கு ஊற்றுகிறேன் என்று கேனில் வாங்கிப் போகிறீர்களே, அதையும் நிறுத்துங்கள். கிணற்றுத் தண்ணீரைத்தான் நாமும் குடிக்கிறோம். பட்டறையிலேயே விட்டுவிடுங்கள், கழிவு ஆயில் எடுக்கிறவர்கள் வந்து வாங்கிப் போவார்கள்.

யாருக்காவது உங்கள் வண்டிக்கு எந்த ஆயில் என்று சந்தேகம் இருந்தால் கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை நடக்கப் போய்விடுவேன், அப்போது போன் வேண்டாம்.

மாப்பிள்ளை, உனக்கு மட்டும் ஒன்று. ஆடி நோம்பிக்கு வருகிறாய் அல்லவா? உன் கார் 87,000 ஓடியிருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். கையேட்டையும் எடுத்துக்கொண்டு வா. டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் அப்படியே இருக்கும்.